இடப்பக்கம் திரும்பும்போது

அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் ஐரினின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தை நீட்டி, அடியில் ஒரு கோடு இழுத்து, அவள் எப்போதும் போடுகிற அதே கையெழுத்து. ஆனால் அதை அவள் போடவில்லை. அவள் எழுதிய அறிக்கைக்குப் பதினான்கு பக்கம். இதில் பதினொன்றுதான் இருந்தது.

காலை ஒன்பதரை மணி. கப்பலூரில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து நடத்தும் அந்தச் சின்னக் கம்பெனிக்கு அப்போதுதான் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஐரின் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. நின்றவாக்கிலேயே பக்கம் பக்கமாகத் திருப்பினாள். இடப்பக்கத் திருப்பங்களின் வரைபடங்கள் மூன்று பக்கத்துக்கு இருந்தன, மூன்றையும் காணோம். அவை இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி: ‘பறக்கும் சோதனையில் தரவு இழப்பு சராசரியாக 0.4 விழுக்காடு. ஏற்கத்தக்கது.’

அவளுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுதான் சுடும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

ஐரினுக்குக் கோபக்காரி என்ற பெயர் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. திருமங்கலத்தில் மிஷன் பள்ளிக்கூட எழுத்தரின் மகள். இயற்பியல் தேர்வில் விடை சரி, வழி புத்தகத்தில் இல்லை என்று இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்த ஆசிரியரிடம் மூன்று நாள் தொடர்ந்து போய் நின்றாள். மூன்றாம் நாள் அவர் மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு, “இந்தப் புள்ள போற வீட்டுக்குத் தீயணைப்பு வண்டியும் சேர்ந்து போகணும்” என்றார். ஆசிரியர் அறையே சிரித்தது. ஐரின் சிரிக்கவில்லை. மதுரையில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் ஒன்பது வருடம், பறக்கும் கருவிகளின் அளவீடுகளை ரேடியோ வழியே தரைக்குக் கொண்டுவரும் டெலிமெட்ரி வேலை பார்த்தாள். அங்கேயும் இதே பெயர்தான். கல்யாணமாகி, கணவன் கிளமெண்டுக்கு மதுரையில் வேதியியல் ஆசிரியர் வேலை கிடைத்தபோது ஊர் திரும்பினாள். இந்த வேலையைச் செய்கிற கம்பெனி மதுரைப் பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நடத்தியவர் ஞானசீலன். ஐரின் குடும்பம் போகும் அதே சர்ச்சுக்கு வருபவர். முதல் நாளே அவளை “வாங்க சிஸ்டர்” என்று கூப்பிட்டார். ஆறு வருடமாக சிஸ்டர்தான்.

ஓசூரில் ஒரு கம்பெனி எண்பது கிலோ எடையில் ஓர் ஆளில்லா விமானம் கட்டிக்கொண்டிருந்தது. மலைக் கிராமங்களுக்கு மருந்தும் ரத்தமும் கொண்டுபோவதற்காக. சோதனையில் அது பறக்கும்போதே எஞ்சின் எப்படி அதிர்கிறது, எங்கே சூடேறுகிறது, இறக்கை எவ்வளவு வளைகிறது என்பதெல்லாம் தரைக்கு வந்து சேரவேண்டும். வினாடிக்கு இருபது மெகாபிட் வேகத்தில், இடைவெளி விடாமல். தரையில் ஒருவர் திரையைப் பார்த்தபடியே இருப்பார். அதிர்வு எல்லை மீறினால் அவர் எஞ்சினை நிறுத்தி, விமானத்தின் பாராசூட்டை விரித்துவிடுவார். அவருக்குக் கண்ணாக இருப்பது இந்த ரேடியோ இணைப்பு ஒன்றுதான். அந்தக் கண்ணைச் செய்துகொடுக்கும் வேலை ஐரினுடையது.

மேசை மேல் வைத்துப் பார்த்தபோது எல்லாம் பிரமாதமாக இருந்தது. சிக்னலைப் படிப்படியாகப் பலவீனப்படுத்தி எங்கே அறுகிறது என்று பார்த்தாள். டிரான்ஸ்மிட்டரைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து எழுபது டிகிரியில் வேகவிட்டாள். அதிரும் மேடையில் கட்டி நாலு மணி நேரம் உலுக்கினாள். ஒரு பிட்கூடப் பிசகவில்லை. பிறகுதான் வாடிப்பட்டிக்கு மேற்கே, மலை அடிவாரத்துத் தரிசு ஒன்றில் பந்தல் போட்டு ஆன்டெனாவை நிறுத்தி, விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபத்து நாலு சுற்று. ஒவ்வொன்றும் நாலு நிமிடம்.

வலச்சுற்று பன்னிரண்டிலும் குறையே இல்லை. இடச்சுற்றில் மட்டும், விமானம் தூரத்து முனையில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் திரை இரண்டு வினாடி இருண்டது. ஐரினுக்குக் காரணம் உடனே புரிந்தது. விமானத்தின் ஒரே ஆன்டெனா அடிவயிற்றில், வலப்பக்கம் தள்ளி இருந்தது. இடப்பக்கம் சாயும்போது அது பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொள்ளும். நடுவே எஞ்சினும் உடலும் வந்து மறைக்கும். பக்கத்தில் என்றால் மிச்ச சிக்னலை வைத்துச் சமாளித்துவிடலாம். தூரத்தில் முடியாது. மேலே இன்னொரு ஆன்டெனா வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரே சிக்னலை இரண்டிலிருந்தும் அனுப்பினால் ஒன்றை ஒன்று அழிக்கும், அதனால் இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு வேண்டும், அதற்கு இன்னும் ஆறு வாரம் ஆகும் என்றும் எழுதியிருந்தாள். ஞானசீலன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதோடு சரி.

பாண்டீஸ்வரியைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தத் தரிசு அவளுடையது. அதை ஒட்டித் தூரம் வரை வெங்காயம் போட்டிருந்தாள். டிராக்டரை அவளே ஓட்டுவாள். சோதனையின் மூன்றாம் நாள் மத்தியானம் பந்தலுக்குள் வந்து திரையை வேடிக்கை பார்த்தவள், அது இருண்டதும் கேட்டாள்.

“என்னக்கா, அணைஞ்சிருச்சு?”

“ரெண்டு செகண்ட் சிக்னல் வராது. திரும்புறப்ப மட்டும்.”

“எந்தத் திருப்பத்துல?”

ஐரின் கையைக் காட்டினாள். பாண்டீஸ்வரி அந்தப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் வெங்காயக் காட்டில் பதினைந்து பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க ஆளுக தலைக்கு மேல போகும்போது மட்டும் உங்களுக்குத் தெரியாதாக்கும்?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அந்தக் கேள்விதான் ஐரினை அந்த மூன்று பக்கத்தையும் எழுத வைத்தது. எந்தச் சுற்றில், எந்த நொடியில், தரையில் எந்த இடத்துக்கு மேலே என்று வரைபடத்தோடு எழுதியிருந்தாள். அந்த மூன்று பக்கத்தைத்தான் இப்போது காணவில்லை.

ஞானசீலன் மாடியில் தன் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஐரின் அறிக்கையை அவர் முன்னால் வைத்தாள்.

“சார், இது என் கையெழுத்து இல்ல.”

“உங்க கையெழுத்துதானே சிஸ்டர். காலிபரேஷன் சர்டிபிகேட்ல போட்டது ஸ்கேன் பண்ணி இருந்துச்சு. நீங்க லீவுல இருந்தீங்க. ஓசூர்க்காரங்க அவசரப்படுத்துனாங்க.”

“மூணு பக்கத்தக் காணோமே?”

“சுருக்கிட்டோம். சராசரி போட்டுட்டோம்ல. தொண்ணூத்தாறு நிமிஷத்துல இருபத்து நாலு செகண்ட். நூத்துக்கு அரைகூட வரல. கணக்குல பொய் இருக்கா, சொல்லுங்க.”

“கணக்குல இல்ல. அந்த இருபத்து நாலு செகண்டும் அங்கங்க சிதறியா கிடக்கு? எல்லாம் ஒரே இடத்துல. அந்த இடத்துல ஆளுங்க வேலை பாக்குறாங்க. எஞ்சின் அங்க வச்சுத்தான் கெட்டுப் போகப் போகுதுன்னா தரையில உக்காந்திருக்கவனுக்குத் தெரியவே தெரியாது.”

“அங்கதான் போகும்னு என்ன நிச்சயம்?”

“போகாதுன்னு என்ன நிச்சயம்?”

ஞானசீலன் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் குரலை உயர்த்தி ஐரின் பார்த்ததில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“சிஸ்டர், நீங்க கோபக்காரங்க. எல்லாருக்கும் தெரியும். நாங்களும் அனுசரிச்சுத்தான் போறோம். வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க. நாளைக்குப் பேசுவோம்.”

அந்த ஒரு பேச்சில் ஐரினுக்கு இருபத்தோரு வருடமும் விளங்கியது. அவள் சொல்வதெல்லாம் ஒரே பெட்டிக்குள் போய் விழுகிறது. பெட்டியின் மேல் ‘கோபக்காரி’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. மூன்று பக்க வரைபடமும் அந்தப் பெட்டிக்குள்தான் போயிருக்கிறது.

கீழே சோதனைக்கூடத்துக்கு வந்து அருண்பாண்டியிடம் பறப்பின் மூலத்தரவு இருக்கும் டிஸ்க்கைக் கேட்டாள். அருண்பாண்டி டெக்னீஷியன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். ஆன்டெனா கம்பத்தில் ஏறுவதிலிருந்து நுணுக்கமான சால்டரிங் வரை அவன்தான். கேட்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அழிச்சுட்டேன்க்கா. சார் அழிக்கச் சொன்னாரு. அடுத்த டெஸ்டுக்கு இடம் வேணும்னாரு.”

“சொன்னா அழிச்சுருவியா? மூணு நாளு என்கூட வெயில்ல நின்னேல்ல? அம்புட்டையும் நீயும்தானே பாத்த?”

“நான் என்னக்கா செய்ய? அவர் முதலாளி.”

“நீ ஆம்பளன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத.”

சொன்ன கணமே அது தப்பான பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அவளால் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அருண்பாண்டி வெளியே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் கிளமெண்ட் எல்லாவற்றையும் கேட்டான். ‘விட்டுடு’ என்று அவன் சொல்லியிருந்தால் ஐரின் அவனோடும் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள். அவன் சொன்னது வேறு.

“கோபத்த ஞானசீலன்கிட்டயே செலவழிச்சுட்டா ஓசூருக்கு யாரு சொல்லுவா?”

ஓசூர்க் கம்பெனியில் இந்தச் சோதனைக்குப் பொறுப்பாளர் பவதாரிணி என்கிற பெண். ஐரினைவிடப் பத்து வயது சின்னவள், அதிகம் பேசமாட்டாள். மறுநாள் காலையில் ஐரின் அவளுக்கு போன் செய்தாள்.

“ரிப்போர்ட் வந்துருச்சு மேடம். நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றாள் பவதாரிணி.

“அத நான் போடல. நான் எழுதுன ரிப்போர்ட் பதினாலு பக்கம். அதுல இடப்பக்கத் திருப்பத்துல லிங்க் அறுந்துபோறத எழுதியிருந்தேன்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அந்த டேட்டா இருக்கா?”

“அழிச்சுட்டாங்க. என் நோட்டுல கையால எழுதுனது இருக்கு. அதுக்கு மேல என் வார்த்தை மட்டும்தான்.”

“அத வச்சு நான் எங்க ஆளுங்ககிட்ட ஒண்ணும் நிரூபிக்க முடியாது மேடம். வியாழக்கிழமை நாங்க எல்லாரும் வாடிப்பட்டிக்கு வர்றோம். பறந்து காட்டினதும் சிஸ்டத்த ஏத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டுப் போகணும்னு பிளான். உங்க கம்பெனி அனுப்புன பிளான்ல எல்லாமே வலச்சுற்றுதான் போட்டிருக்காங்க.” நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். “அங்க இடச்சுற்று வேணும்னு யாராச்சும் கேட்டா, கேட்கக் கூடாதுன்னு பிளான்ல இல்ல.”

புதன்கிழமை முழுக்க ஐரின் ஞானசீலனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார். மதியம் அவள் மேசைக்கு ஒரு டப்பா அல்வாகூட அனுப்பிவைத்தார். டப்பா திறக்கப்படாமல் அங்கேயே கிடந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விமானம் எழும்பியது. பந்தலுக்குள் ஓசூரிலிருந்து வந்த ஐந்து பேர், ஞானசீலன், ஐரின், அருண்பாண்டி. விமானி கையில் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பந்தலுக்கு வெளியே நின்றார். மூன்று வலச்சுற்று. திரையில் அதிர்வுக் கோடுகள் ஒரு துளி இடைவெளியில்லாமல் ஓடின. ஞானசீலன் விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஐரின் எழுந்து நின்றாள்.

“மேடம், இப்ப ஒரு இடச்சுற்று பறக்கணும். தூரத்துத் திருப்பத்த வடக்கே தள்ளி வையுங்க. அங்க கண்மாய் காஞ்சு கிடக்கு, ஆள் நடமாட்டம் கிடையாது. காலையிலயே போயிப் பாத்துட்டு வந்தேன்.”

“அது இன்னைக்குப் பிளான்ல இல்லையே சிஸ்டர்” என்றார் ஞானசீலன். குரல் மெதுவாகவே இருந்தது. “எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு.”

“ரிப்போர்ட்ல இல்ல. அதனாலதான் கேக்குறேன்.”

“இவுங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க” என்று அவர் ஓசூர்க்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“ஆமா. கோபமாத்தான் இருக்கேன்” என்றாள் ஐரின். அவள் திரைப் பக்கம் கையை நீட்டினாள். “என் கோபத்தப் பாக்க வேணாம். திரையப் பாருங்க. ஒரே ஒரு சுற்று.”

பவதாரிணி விமானியைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்போது பின்னாலிருந்து அருண்பாண்டியின் குரல் வந்தது.

“ரெக்கார்டர் ஓடுதுங்க மேடம். ரெண்டு டிஸ்க்ல. ஒண்ணு உங்களுக்கு, நீங்களே கையில எடுத்துக்கலாம்.”

ஞானசீலன் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

விமானம் நேர்கோட்டில் வடக்கே போனது. சின்னப் புள்ளியாகி, கண்மாய்க்கு மேலே இடப்பக்கம் சாய்ந்தது. திரை இருண்டது. ஓசூர் ஆட்களில் ஒருவர் கையை எஞ்சினை நிறுத்தும் பொத்தானுக்குக் கொண்டுபோய், அழுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். தூரம் கூடியதால் இந்தத் தடவை மூன்று வினாடியும் கொஞ்சமும். பிறகு கோடுகள் மறுபடி வந்தன.

“இன்னொரு தடவை” என்றாள் பவதாரிணி.

நாலு தடவை பறந்தார்கள். நாலு தடவையும் இருண்டது. நாலாவது தடவைக்குப் பிறகு பொத்தானருகே இருந்தவர் எழுந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இந்த மூணு செகண்டும் நான் குருடன்தானே?” என்றார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. ஞானசீலன் மட்டும், “அதச் சரி பண்ணிக்கலாம் சார்” என்றார்.

சிஸ்டத்தை ஏற்கவில்லை என்று பவதாரிணி அங்கேயே எழுதினாள். ஒரு டிஸ்க்கைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது ஐரினிடம் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. “அந்தப் பதினாலு பக்க ரிப்போர்ட் எனக்கு வேணும். மறுபடி எழுதிக் குடுங்க” என்றாள். ஐரினுக்கு அது போதுமாக இருந்தது.

அருண்பாண்டி கம்பத்திலிருந்து கேபிளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஐரின் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“அன்னைக்கு நான் பேசுனது தப்புதான் அருண்.”

“தெரியும்க்கா” என்றான் அவன். “ஆனா நான் அழிச்சதும் தப்புதானே. அந்த முனையப் பிடிங்க, சுத்தணும்.”

அடுத்த திங்கட்கிழமை ஞானசீலன் அவளுக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார். ‘வாடிக்கையாளர் முன்னிலையில் ஒழுங்கீனம்’ என்று காரணம் எழுதியிருந்தது. புதன்கிழமை அவரே போன் செய்து அதை ரத்து செய்ததாகச் சொன்னார். வேறு வழியில்லை. ஓசூரிலிருந்து கடிதம் வந்திருந்தது: இரண்டு ஆன்டெனா வைத்து மறுபடி செய்து தந்தால் பார்க்கிறோம், சோதனைக்கு ஐரின்தான் பொறுப்பாக இருக்கவேண்டும், ஒவ்வொரு பறப்பும் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மூலத்தரவு நேராக எங்களுக்கு வந்துவிடவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அங்கே ஞானசீலனும் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம்.

“ஒரே சபைக்குள்ள மனத்தாங்கல் இருக்கலாமாம்மா? பிரதர் மன்னிப்புக் கேக்கத் தயாரா இருக்காரு. கை குடுத்துட்டுச் சமாதானமாப் போங்க” என்றார் போதகர்.

ஞானசீலன் கையை நீட்டினார். சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐரினுக்குக் காது சுட்டது.

“எதுக்கு மன்னிப்புன்னு பிரதர் சொல்லட்டும் ஐயா” என்றாள்.

“நடந்ததுக்கெல்லாம் சிஸ்டர்.”

“என்ன நடந்துச்சு?”

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் வேறு எங்கோ பார்த்தார்.

“நீங்க என் பேரப் போட்டு ஒரு பொய்ய எழுதி அனுப்புனீங்க. அந்தப் பொய்யோட அந்த விமானம் பறந்துகிட்டே இருந்து, ஒரு நாளு வெங்காயக் காட்டுல யாரு மேலயாச்சும் விழுந்திருந்தா, செத்தவங்க வீட்டுக்காரங்க தேடிப் புடிக்கிற பேரு என் பேரு. அத நீங்க வாயத் தொறந்து சொல்லாம நான் கை குடுக்கமாட்டேன். இங்க சொல்லக் கூச்சமா இருந்தா எழுத்துல குடுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் யாரோ, “இந்தப் பொம்பளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது” என்றது கேட்டது. கிளமெண்ட் பைக்கை எடுத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். சிம்மக்கல் தாண்டி, பாலத்து முனையில் வண்டி நெரிசலில் நின்றபோது கிளமெண்ட், “கறி எடுக்கணுமா?” என்று கேட்டான். “எடு” என்றாள்.

இரண்டு ஆன்டெனாவும் தயாராக ஆறு வாரம் என்று சொல்லியிருந்தாள், ஒன்பது ஆனது. முதல் சர்க்யூட் பலகை சூட்டில் செத்தது. இரண்டாவதில் குறியீடு பிசகியது. அந்த நாட்களில் கம்பெனியில் பாதிப் பேர் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளால்தான் எல்லாம் தாமதமாகிறது என்று நினைத்தார்கள். அவளும் யாரையும் சமாதானப்படுத்தப் போகவில்லை. ஒன்பதாம் வாரம் வாடிப்பட்டியில் நாற்பது இடச்சுற்று பறந்தார்கள். மொத்தத்தில் இரண்டே இரண்டு ஃபிரேம், அதாவது தரவின் இரண்டு சின்னத் துண்டு, தவறியது. இரண்டும் எந்த நொடியில், எந்த இடத்துக்கு மேலே என்று ஐரின் எழுதி அனுப்பினாள். ஓசூர் ஏற்றுக்கொண்டது.

கோபம் தணிந்துவிட்டதா என்றால், இல்லை. ஞானசீலன் இப்போது அவளை மேடம் என்று கூப்பிடுகிறார். அவர் குரல் கேட்டாலே அவளுக்குக் காது சுடத்தான் செய்கிறது. அவளும் அதைத் தணிக்கப் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

அவள் கேட்ட கடிதம் ஒரு வழியாக வந்தது. கம்பெனி தாளில், முத்திரையோடு. ‘மேற்படி அறிக்கையில் திருமதி ஐரினின் கையெழுத்து தவறுதலாக இடம்பெற்றுவிட்டது’ என்றிருந்தது. ஐரின் சிவப்புப் பேனாவால் ‘தவறுதலாக’ என்பதை அடித்தாள். ‘இடம்பெற்றுவிட்டது’ என்பதையும் அடித்து, மாடிக்குத் திருப்பி அனுப்பினாள். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் புதுக் கடிதம் வந்தது. அதில் ‘அவருடைய அனுமதியின்றி என்னால் சேர்க்கப்பட்டது’ என்று இருந்தது. இரண்டு தடவை படித்தாள். ஒரு நகலை ஓசூருக்கு அனுப்பிவிட்டு, சோதனைக்கூடத்துக்கு இறங்கிப் போனாள். அதிரும் மேடை பதினோரு மணிக்கு அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அருண்பாண்டி ஏற்கனவே பலகையைத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தான்.